படப்புத்தகத்தில் தொடங்கும் கூட்டல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மூன்று வயது முதல் ஏழு வயது வரையுள்ள குழந்தைகளுக்குக் கதைப் படங்களை வைத்துக் கூட்டலைத் தொடங்கி வைக்க நினைக்கும் பெற்றோர், அங்கன்வாடி டீச்சர்கள், ஒன்றாம் வகுப்பு ஆசிரியர்கள் கேட்கும் கேள்விகள் இவை. வரிசையாகப் படிக்க வேண்டும் என்றில்லை. ஆனால் 'படத்தில் கூட்டல் எங்கே இருக்கிறது?' என்ற மூன்றாவது கேள்வியை மட்டும் தாண்டிப் போய்விடாதீர்கள். மற்ற பதில்கள் பலவும் அதை வைத்துத்தான் சொல்லப்பட்டிருக்கின்றன.

கூட்டலுக்குக் கதைப்புத்தகம் எதற்கு? பயிற்சித்தாள் போதாதா?

நாலு வயதுக் குழந்தையிடம் "ஒண்ணும் ரெண்டும் எத்தனை?" என்று கேளுங்கள். பெரும்பாலும் விழிக்கும், இல்லையென்றால் வாயில் வந்த எண்ணைச் சொல்லும். அதே குழந்தையிடம், "கடைக்குள்ள ஒரு பாப்பா நிக்குது. இன்னும் ரெண்டு பாப்பா உள்ளே போறாங்க. இப்ப கடைக்குள்ள எத்தனை பேர்?" என்று கேட்டால் "மூணு" என்று வருவதற்கு வாய்ப்பு அதிகம். 1980களில் ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் மார்ட்டின் ஹியூஸ் என்ற உளவியலாளர் மழலையர் வயதுக் குழந்தைகளிடம் இப்படித்தான் கேட்டுப் பார்த்தார். ஒரு பெட்டிக்குள் கட்டைகளைப் போட்டு மூடிவிட்டு, இன்னும் ஒன்றிரண்டைச் சேர்த்து, உள்ளே பார்க்கவிடாமலே எத்தனை இருக்கிறது என்று கேட்டார். சிறிய எண்களுக்குக் குழந்தைகள் நன்றாகவே சொன்னார்கள். கடை, பாப்பா என்று மனதில் உருவம் வரும் கேள்விக்கும் சொன்னார்கள். வெறும் எண்ணை மட்டும் வைத்துக் கேட்டபோதுதான் தடுமாறினார்கள்.

அந்தக் குழந்தைகளுக்குச் சேர்ப்பது என்றால் என்ன என்று ஏற்கெனவே தெரிந்திருந்தது. பள்ளியில் அதை எழுதும் மொழிதான் அவர்களுக்குப் புதிது. பயிற்சித்தாள் அந்த மொழியிலேயே ஆரம்பிக்கிறது. குழந்தைக்குத் தெரிந்ததில் ஆரம்பிப்பது கதை. அதனால் பயிற்சித்தாளே கூடாது என்று நான் சொல்லவில்லை. அதற்கு முன்னால் குழந்தை கடந்து வரவேண்டிய தூரம் கொஞ்சம் இருக்கிறது, அதைக் கடக்கக் கதை உதவும் என்கிறேன்.

எந்த வயதில் தொடங்கலாம்?

வயதைப் பார்ப்பதைவிட ஒரு சின்ன சோதனை செய்து பாருங்கள். ஒரு தட்டில் புளியங்கொட்டைகளையோ மணிகளையோ வைத்து, "எனக்கு நாலு குடு" என்று கேளுங்கள். பத்து வரை கடகடவென்று ஒப்பிக்கும் பல குழந்தைகள், கை நிறைய அள்ளிக் கொடுத்துவிடும். 1990இல் கேரன் வின் என்ற ஆய்வாளர் இதே போன்ற கேள்வியைக் கேட்டுப் பார்த்துதான் ஒரு விஷயத்தை எடுத்துக் காட்டினார்: எண்களை வரிசையாகச் சொல்லத் தெரிவது வேறு, கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்த எண்ணிக்கை என்று புரிவது வேறு. இந்தப் புரிதல் பெரும்பாலும் மூன்றரை, நாலு வயதில் வருகிறது.

நாலு கேட்டால் எண்ணி நாலு கொடுக்கும் குழந்தை கூட்டலுக்குத் தயார். அள்ளிக் கொடுக்கும் குழந்தைக்கும் அதே புத்தகங்களைப் படிக்கலாம், ஆனால் கூட்டச் சொல்ல வேண்டாம். "பூனைக்குட்டி எத்தனை?" என்று தொட்டுத் தொட்டு எண்ணுவதோடு நிறுத்துங்கள். எண்ணி முடித்ததும், "அப்போ எத்தனை பூனைக்குட்டி?" என்று இன்னொரு முறை கேட்டுப் பாருங்கள். திரும்பவும் ஒன்றிலிருந்து எண்ண ஆரம்பித்தால், இன்னும் கொஞ்ச நாள் ஆகும் என்று அர்த்தம்.

படத்தில் கூட்டல் எங்கே இருக்கிறது?

இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். கணக்குப் புத்தகங்களில் அடிக்கடி வரும் ஒரு படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மின்கம்பியில் மூன்று மைனாக்கள் உட்கார்ந்திருக்கின்றன, ஒன்று காற்றில் இருக்கிறது. அது கம்பிக்கு வருகிறதா, கம்பியை விட்டுப் போகிறதா? வருகிறது என்றால் 3 + 1. போகிறது என்றால் 4 - 1. படத்துக்குக் கீழே + என்று அச்சடித்திருப்பதால் நமக்குச் சந்தேகம் வருவதில்லை. குறியைப் படிக்கத் தெரியாத குழந்தைக்குத் தெரிவது நாலு மைனா மட்டும்தான். அது நாலு என்று எண்ணிச் சொன்னால் நாம் "சரி" என்கிறோம். அது கூட்டவில்லை, எண்ணியது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் அந்த ஒற்றைப் படத்தில் தெரியவே தெரியாது.

கூட்டல் என்பது ஒரு நிகழ்வு. முன்னால் ஒரு நிலை, நடுவில் ஒரு மாற்றம், பின்னால் ஒரு நிலை. ஒற்றைப் படத்தால் நேரத்தைக் காட்ட முடியாது. படப்புத்தகத்தால் முடியும், ஏனென்றால் அதில் பக்கத்தைத் திருப்ப வேண்டும். இந்தப் பக்கத்தில் மூன்று மைனா இருக்கும், ஓரத்தில் ஒன்று பறந்து வரும், திருப்பினால் நாலும் கம்பியில் வரிசையாக உட்கார்ந்திருக்கும். அந்தத் திருப்பலுக்கு முந்தைய நொடியில்தான் கூட்டல் இருக்கிறது. படிப்பவர் கையைப் பக்கத்தின் மேல் வைத்து, திருப்பாமல் நிறுத்தி, "இப்ப எத்தனை ஆகப்போகுது?" என்று கேட்டால், குழந்தை கண்ணால் பார்க்காத ஒன்றை மனதில் சேர்த்தாக வேண்டும். அப்புறம் திருப்பிப் பார்த்தால் விடை அங்கேயே இருக்கிறது. நீங்கள் "தப்பு", "சரி" என்று சொல்ல வேண்டிய அவசியமே இல்லை, புத்தகமே சொல்லிவிடும். பெரியவர் மார்க் போடும்போது வரும் பயம் இங்கே வருவதில்லை. படப்புத்தகத்தில் நான் பார்க்கும் ஆகப்பெரிய நன்மை இதுதான்.

இன்னொரு வகைப் படமும் உண்டு. அதில் எதுவும் மாறாது. ஒரு கூடையில் மூன்று சிவப்புக் கொய்யா, இரண்டு பச்சைக் கொய்யா, மொத்தம் ஐந்து. யாரும் வரவும் இல்லை, போகவும் இல்லை. பெரியவர்களுக்கு இரண்டு வகையும் கூட்டல்தான். குழந்தைக்கு இந்த இரண்டாவது வகை சற்றுக் கடினமாக இருப்பதுண்டு, ஏனென்றால் கதையில் எதுவும் நடக்கவில்லை. அதனால் முதலில் 'வந்து சேரும்' கதைகள், பிறகு 'இரண்டு வகை சேர்ந்த' படங்கள் என்று போகலாம். இரண்டாவதை ஒரேயடியாக விட்டுவிடவும் கூடாது. ஐந்து பேர் நிற்கும் ஒரே படத்தை, பாவாடை போட்டவர்கள் மூன்று, டவுசர் போட்டவர்கள் இரண்டு என்று பார்க்கலாம். உட்கார்ந்திருப்பவர் நாலு, நிற்பவர் ஒன்று என்றும் பார்க்கலாம். ஐந்தைப் பல விதமாகப் பிரிக்கலாம் என்பதை வார்த்தையில் விளக்கிப் புரிய வைப்பது கஷ்டம், இப்படிப் பார்த்துப் பழகினால் தானாகப் புரியும்.

எந்த மாதிரிப் புத்தகம் வாங்குவது? அட்டையில் 'கணக்கு' என்று போட்டிருக்க வேண்டுமா?

தேவையில்லை. நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஃப்ராய்டன்தால் நிறுவன ஆய்வாளர்கள் மழலையர் வகுப்புகளில் படப்புத்தகங்களைச் சில மாதங்கள் தொடர்ந்து படிக்கச் செய்தார்கள். கணக்குப் பாடத்துக்கென்றே எழுதப்பட்ட புத்தகங்களாக இல்லாமல் நல்ல கதைப்புத்தகங்களாகத் தேர்ந்தெடுத்தார்கள். அந்த வகுப்புக் குழந்தைகள் கணக்கில் மற்ற வகுப்புக் குழந்தைகளைவிட அதிகம் முன்னேறியிருந்தார்கள். ஆசிரியர்கள் கேள்விகளால் துளைத்தெடுக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

நான் புத்தகத்தைக் கையில் எடுத்ததும் பார்ப்பது கதை நன்றாக இருக்கிறதா என்பதைத்தான். குழந்தை இரண்டாவது தடவை கேட்காத கதையால் கணக்குக்கு எந்தப் பயனும் இல்லை. அடுத்தது, படத்தில் இருப்பதை எண்ண முடிகிறதா? ஒன்றன் பின் ஒன்று மறைந்து, பாதி வால் மட்டும் தெரியும் ஆட்டுக்குட்டியை ஒன்றாக எண்ணுவதா என்று குழந்தை குழம்பும். மூன்றாவது, எழுத்தும் படமும் ஒத்துப்போகின்றனவா? 'இரண்டு வாத்துகள் வந்தன' என்று எழுதி மூன்று வாத்து வரைந்திருக்கும் புத்தகங்களும் உண்டு. வாங்கும் முன் ஒரு தடவை எண்ணிப் பார்த்துவிடுங்கள். எண்கள் பத்துக்குள் இருப்பது நல்லது, தொடக்கத்தில் ஐந்துக்குள்.

ஒன்று, இரண்டு, மூன்று என்று பக்கத்துக்கு ஓர் எண் வரும் எண் புத்தகங்களை ஒதுக்க வேண்டாம். ஆனால் ஒவ்வொரு பக்கத்திலும் வேறு வேறு பொருள் இருந்தால் அதில் எண்ணலாம், கூட்ட முடியாது. அதே கூட்டம் ஒவ்வொன்றாகப் பெருகிக்கொண்டே போகும் புத்தகமாக இருந்தால் ஒன்றைச் சேர்ப்பதற்கு அருமையான ஆரம்பம்.

முதல் தடவை படிக்கும்போதே கேள்வி கேட்கலாமா?

கேட்காதீர்கள். முதல் தடவை கதை கதையாகவே போகட்டும். யார் வந்தார்கள், ஏன் அழுதார்கள், அப்புறம் என்ன ஆச்சு என்பதில் மனம் இருக்கும்போது நடுவில் "எத்தனை?" என்று கேட்டால் கதையும் போகும், கணக்கும் வராது. குழந்தையே விரல் நீட்டி எண்ண ஆரம்பித்தால் அது வேறு, காத்திருந்து கேளுங்கள்.

இரண்டாம் தடவை எப்படிப் படிப்பது? ஓர் உதாரணம் சொல்ல முடியுமா?

இப்படி ஒரு கதை என்று வைத்துக்கொள்வோம். மழை தூற ஆரம்பிக்கிறது. ஒரு வீட்டுத் திண்ணையில் இரண்டு ஆட்டுக்குட்டிகள் ஒதுங்கி நிற்கின்றன. நனைந்துகொண்டே இன்னொன்று ஓடி வருகிறது. மூன்றும் ஒட்டி நிற்கின்றன. மழை வலுக்கிறது. தூரத்தில் இன்னும் இரண்டு தெரிகின்றன.

இங்கே "2 கூட்டல் 1 எவ்வளவு?" என்று கேட்பது கதையை விட்டு வெளியே போவது. கதைக்குள் இருந்தே கேட்கலாம்.

"அய்யோ, இன்னொரு குட்டி வருதே. இடம் இருக்குமா?"
"இருக்கும்."
"இப்ப எத்தனை குட்டி நிக்கும் திண்ணையில?"
"மூணு."
"திருப்பிப் பாப்போமா?"

அவ்வளவுதான். குழந்தை "அஞ்சு" என்று சொன்னாலும் இதே "திருப்பிப் பாப்போமா?"தான். திருப்பியதும், "எண்ணு பாப்போம்" என்று ஒரு வார்த்தை. ஒரு புத்தகத்தில் இப்படி இரண்டு இடம், மிஞ்சிப்போனால் மூன்று இடம் போதும். எல்லாப் பக்கத்திலும் கேட்டால் குழந்தைக்கு அது பரீட்சை என்று தெரிந்துவிடும். அப்புறம் அந்தப் புத்தகத்தைத் தொடாது.

கேட்டபின் காத்திருப்பதுதான் பெரியவர்களுக்குக் கஷ்டமாக இருக்கிறது. கேள்வி கேட்டு மூச்சுவிடும் முன்பே நாமே விடையைச் சொல்லிவிடுகிறோம். மனதுக்குள் மெதுவாகப் பத்து எண்ணுங்கள். அந்த நேரத்தில் குழந்தையின் கண் படத்தில் எங்கே போகிறது, உதடு அசைகிறதா, விரல் மடங்குகிறதா என்று கவனியுங்கள். அது எப்படிக் கூட்டுகிறது என்பது விடையில் தெரிவதைவிட இதில் நன்றாகத் தெரியும்.

என் பிள்ளை எப்போதும் ஒன்றிலிருந்தே எண்ணுகிறான். மூன்றும் இரண்டும் என்றால் 'ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு' என்கிறான். இது தவறா?

தவறே இல்லை. எல்லாவற்றையும் சேர்த்து ஒன்றிலிருந்து எண்ணுவதுதான் எல்லாக் குழந்தைகளின் முதல் வழி. அதில் உறுதி வரும்வரை அதை அவசரமாக மாற்ற வேண்டாம்.

உறுதி வந்த பிறகு படப்புத்தகம் இன்னோர் உதவி செய்யும். மூன்று குட்டிகள் நிற்கும் இடத்தைக் குழந்தை எண்ணி முடித்ததும், உங்கள் உள்ளங்கையால் அதை மூடிவிடுங்கள். "இங்க மூணு இருக்கு. மூடிட்டேன். இன்னும் ரெண்டு வருது. எல்லாம் சேர்ந்து எத்தனை?" என்று கேளுங்கள். முதலில் உங்கள் கையைத் தள்ளிவிட்டுப் பார்க்கும். பார்க்கட்டும். திரும்ப மூடுங்கள். சில நாளில் மூடிய கையைத் தட்டி "மூணு" என்று சொல்லி, வெளியே உள்ளவற்றைத் தொட்டு "நாலு, அஞ்சு" என்று போகும். ஒன்றாம் வகுப்பில் பிள்ளைகள் திணறுவதில் நிறைய இந்த ஒரு படி வராததால்தான் என்பது என் அனுபவம்.

இங்கே வழக்கமாக வரும் ஒரு சறுக்கல் உண்டு. மூடிய மூன்றை மறந்துவிட்டு, வெளியே இருக்கும் முதல் குட்டியையே "மூணு" என்று தொட்டு, அடுத்ததை "நாலு" என்று முடித்துவிடும். விடை நாலு. திட்ட வேண்டாம், விளக்கவும் வேண்டாம். மூடிய கையின் மேல் குழந்தையின் கையை வைத்து "மூணு" என்று ஒரு தட்டு தட்டச் செய்துவிட்டு, அப்புறம் விரலை நகர்த்தச் சொல்லுங்கள். அந்தத் தட்டு பழகினால் சறுக்கல் நின்றுவிடும்.

இதற்கும் அடுத்த படி, பெரிய எண்ணிலிருந்து தொடங்குவது. திண்ணையில் ஒரு குட்டி, ஓடி வருவது ஆறு குட்டி என்று கதை வந்தால், 'ஒண்ணு' என்று தொடங்கி ஆறைச் சேர்ப்பதைவிட 'ஆறு' என்று தொடங்கி ஒன்றைச் சேர்ப்பது சுலபம். க்ரோன், பார்க்மன் என்ற இரு ஆய்வாளர்கள் 1972இல் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் விடை சொல்ல எடுக்கும் நேரத்தை அளந்தார்கள். இரண்டு எண்களில் சிறியது எவ்வளவு பெரிதாகிறதோ அவ்வளவு நேரம் கூடியது. பெரிய எண்ணை மனதில் வைத்துக்கொண்டு சிறியதை மட்டும் எண்ணினால்தான் அப்படி வரும். இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒன்றும் ஆறும், இரண்டும் ஏழும் வரும் கதைகளைக் கொடுத்தால் போதும், குழந்தைகள் தாமாகவே கண்டுபிடிக்கிறார்கள்.

விரல்விட்டு எண்ணுவதைத் தடுக்க வேண்டுமா?

வேண்டாம். படத்தில் இருப்பதை விரலுக்கு மாற்றுவதே ஒரு பெரிய தாவல்தான். ஆட்டுக்குட்டிக்குப் பதில் ஒரு விரல் நிற்கலாம் என்று புரிந்த பிள்ளைக்கு, பின்னால் அதற்குப் பதில் ஓர் எண் நிற்கலாம் என்பதும் புரியும்.

இரண்டு காகம், ஓர் அணில், ஒரு சிறுமி. மொத்தம் எத்தனை என்று கேட்கலாமா?

கேட்கலாம், ஆனால் கேட்கும் விதத்தில் கவனம் வேண்டும். "எத்தனை பேர்?" என்றால் சில குழந்தைகள் சிறுமியை மட்டும் எண்ணி "ஒண்ணு" என்பார்கள். அது சரியான விடைதான். "எத்தனை காக்கா?" என்றால் இரண்டுதான். வேறு வேறு பொருள்களைச் சேர்க்க வேண்டுமென்றால் முதலில் எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு பெயர் வேண்டும். "மரத்தடியில எத்தனை பேர் சாப்பிடுறாங்க? காக்கா, அணில் எல்லாரையும் சேர்த்துச் சொல்லு" என்று கதைக்குள்ளேயே அந்தப் பொதுப்பெயரைக் கொடுத்துவிட்டால் குழப்பம் வராது. எல்லாரும் விருந்துக்கு வந்தவர்கள், எல்லாரும் பஸ்ஸில் ஏறியவர்கள் என்ற மாதிரிக் கதைகள் இதற்கு வசதி. தொடக்கத்தில் ஒரே வகை உயிர்கள் வரும் புத்தகமே நல்லது.

+ மற்றும் = குறிகளை எப்போது காட்டுவது?

குழந்தை கதையைத் தன் வாயால் சொல்லத் தொடங்கிய பிறகு. "மூணு இருந்துச்சு, ரெண்டு வந்துச்சு, அஞ்சு ஆச்சு" என்று சொல்லும் குழந்தையிடம், "நீ சொன்னதை நான் சுருக்கமா எழுதிக் காட்டட்டுமா?" என்று கேட்டு, படத்துக்குப் பக்கத்திலேயே ஒரு தாளில் 3 + 2 = 5 என்று எழுதுங்கள். அது சொன்ன கதையைத்தான் நீங்கள் எழுதியிருக்கிறீர்கள் என்று அதற்குத் தெரிய வேண்டும். பிறகு திருப்பிக் கேளுங்கள்: 4 + 1 = 5 என்று எழுதி, "இதுக்கு ஒரு கதை சொல்லு." இது முடிந்தால் குறி புரிந்துவிட்டது என்று நம்பலாம்.

கையால் தொடுவது, படத்தில் பார்ப்பது, குறியில் எழுதுவது என்ற இந்த வரிசையை ஜெரோம் புரூனர் 1960களில் எழுதினார். சிங்கப்பூர் 1980களிலிருந்து தன் தொடக்கப்பள்ளிக் கணக்குப் பாடத்தையே இந்த வரிசையில் அமைத்திருக்கிறது. அங்கே படம் நடுவில் வருகிறது என்பதைக் கவனியுங்கள். படப்புத்தகத்துக்கு முன்னால் கையால் தொட்டுச் சேர்க்கும் விளையாட்டு வேண்டும், பின்னால் எழுத்து வேண்டும்.

தமிழிலா, ஆங்கிலத்திலா?

குழந்தை சண்டை போடும் மொழியில். வீட்டில் தமிழ் பேசும் குழந்தைக்கு ஆங்கிலக் கதைப்புத்தகத்தை வாங்கி வந்தாலும், படத்தைக் காட்டித் தமிழில் சொல்லுங்கள். கதையையும் புரிந்துகொண்டு, புது மொழியையும் புரிந்துகொண்டு, கூட்டவும் வேண்டும் என்றால் மூன்று வேலை ஒரே நேரத்தில். பேச்சு வழக்கில் ஒண்ணு, ரெண்டு, மூணு என்று எண்ணுவதில் ஒரு தவறும் இல்லை. பள்ளியில் ஆங்கில வழி என்றால், தமிழில் கூட்டத் தெரிந்த பிறகு ஆங்கில எண்களைச் சொல்லித்தருவது சீக்கிரமே முடிந்துவிடுகிறது.

இதையே வைத்துக் கழித்தலும் சொல்லித்தரலாமா?

புத்தகத்தைக் கடைசிப் பக்கத்திலிருந்து பின்னோக்கிப் படியுங்கள். மழை விடுகிறது, குட்டிகள் ஒவ்வொன்றாகத் திண்ணையை விட்டுக் கிளம்புகின்றன. குழந்தைகள் இதை வேறொரு கதையாகவே ரசிப்பார்கள். சேர்த்ததைப் பிரிக்கலாம் என்பதும் சேர்ந்தே புரிந்துவிடும்.

வகுப்பில் முப்பது பிள்ளைகள், ஒரே புத்தகம். என்ன செய்வது?

படம் கடைசி வரிசைக்குத் தெரியாவிட்டால் இந்த முறை நடக்காது. அதனால் படத்தைத் தரைக்குக் கொண்டுவாருங்கள். முதலில் கதையைப் படித்துவிட்டு, சாக்பீஸால் தரையில் ஒரு நீளமான திண்ணை வரையுங்கள். இரண்டு பிள்ளைகள் ஆட்டுக்குட்டியாகப் போய் நிற்கட்டும். மூன்று பேர் ஓடி வரத் தயாராக நிற்கட்டும். ஓடும் முன் மற்றவர்கள் தங்கள் விடையை விரலில் காட்ட வேண்டும், வாயால் சொல்லக் கூடாது. வாயால் சொன்னால் வேகமான நாலு பிள்ளைகள் வகுப்புக்கே விடை சொல்லிவிடுவார்கள். விரலில் காட்டினால் யார் எங்கே நிற்கிறார் என்று ஒரே பார்வையில் உங்களுக்குத் தெரியும்.

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 2022-23 கல்வியாண்டில் ஒன்று முதல் மூன்று வகுப்புகளுக்குத் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துச் சொல்லித்தருகிறார்கள். இந்த விளையாட்டு அதற்கு ஒத்துவரும். ஒரே கதையில் ஒரு பிள்ளை எண்ணலாம், ஒரு பிள்ளை கூட்டலாம், இன்னொரு பிள்ளை அதைப் பலகையில் எழுதலாம்.

புத்தகங்கள் எங்கே கிடைக்கும்? விலை கொடுத்து வாங்க முடியாதவர்கள் என்ன செய்வது?

சென்னையில் 1996இல் தொடங்கிய தூலிகா பதிப்பகம் தமிழிலும், தமிழும் ஆங்கிலமும் சேர்ந்த இருமொழிப் பதிப்பாகவும் படப்புத்தகங்கள் போடுகிறது. நேஷனல் புக் டிரஸ்ட் தமிழில் குறைந்த விலையில் குழந்தை நூல்கள் வெளியிடுகிறது. 2004இல் பெங்களூருவில் தொடங்கிய பிரதம் புக்ஸ், 2015இல் ஸ்டோரிவீவர் என்ற இணையதளத்தைத் திறந்தது. அதில் தமிழ்க் கதைகளை இலவசமாகப் படிக்கலாம், தரவிறக்கி அச்சடித்துக்கொள்ளலாம், திறந்த உரிமத்தில் இருப்பதால் பள்ளிக்கும் பயன்படுத்தலாம். ஒன்று மட்டும் கவனியுங்கள். கறுப்பு வெள்ளையில் அச்சடித்தால் சிவப்புக் கொய்யாவும் பச்சைக் கொய்யாவும் ஒரே நிறமாகிவிடும். வண்ணத்தை நம்பியிருக்கும் படங்களுக்குக் குழந்தையையே வண்ணம் அடிக்கச் சொல்லிவிடுங்கள். ஊர்ப்புற நூலகத்திலும் கேட்டுப் பாருங்கள்.

நீங்களே செய்வதும் நல்ல வழிதான். ஓர் ஏ4 தாளை மூன்று முறை மடித்தால் எட்டுக் கட்டங்கள் கிடைக்கும். வெட்டித் தைத்தால் சின்னப் புத்தகம். குழந்தையின் கட்டைவிரலை ஸ்டாம்ப் மையில் தொட்டுப் பதித்து, அதற்குக் காலும் வாலும் வரைந்தால் குஞ்சுகள் தயார். ஒரு பக்கத்தில் துண்டுக் காகிதத்தைக் கதவு மாதிரி ஒட்டி, அதற்குப் பின்னால் இரண்டு குஞ்சுகளை மறைத்து வையுங்கள். "வெளியில மூணு, கதவுக்குப் பின்னால ரெண்டு, எல்லாம் எத்தனை?" என்று கேட்டபின் கதவைத் திறந்து பார்க்கலாம். தானே கைப்பட்டுச் செய்த புத்தகத்தைக் குழந்தைகள் கிழியும்வரை படிக்கிறார்கள்.

செல்போனில் வரும் கூட்டல் வீடியோ இதற்கு ஈடாகுமா?

வீடியோ நிற்காது. குழந்தை யோசிக்கும் முன்பே விடை திரையில் வந்துவிடும். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து நிறுத்தி நிறுத்திக் காட்டுவதாக இருந்தால் பயன் உண்டு. கையில் கொடுத்துவிட்டுச் சமையலுக்குப் போவதாக இருந்தால் அதற்குக் கூட்டல் என்று பெயர் வைக்க வேண்டாம்.

புத்தகத்தை மூடிய பிறகு என்ன விளையாட்டு?

கதையில் வந்த எண்ணிக்கையையே சோழியிலோ புளியங்கொட்டையிலோ செய்து பார்க்கலாம். கொஞ்சம் பழகியபின் தாயக்கட்டை அருமையான பொருள். ஒவ்வொரு கட்டையிலும் ஒரு முகம் வெறுமையாக இருக்கும், மற்ற மூன்றில் ஒன்று, இரண்டு, மூன்று புள்ளிகள். இரண்டையும் உருட்டினால் ஒவ்வொரு உருட்டலும் ஒரு கூட்டல். நாலு விழ 1, 3 வரலாம், 2, 2 வரலாம். ஐந்துக்கு 2, 3 மட்டும்தான். இரண்டும் வெறுமையாக விழுந்தால் பெரியவர்கள் ஆட்டத்தில் பன்னிரண்டு. சிறு பிள்ளைகளோடு ஆடும்போது அதைப் பூஜ்ஜியம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். யாரும் வராத பக்கம் கதைகளில் அபூர்வம் என்பதால், ஒன்றுமில்லாததைச் சேர்த்தால் எண் மாறாது என்பதைக் காட்ட இந்த வெறும் முகம் கைகொடுக்கும்.

வீட்டில் பாட்டிதான் குழந்தையைப் பார்த்துக்கொள்கிறார். அவருக்குப் படிக்கத் தெரியாது. அவரால் முடியுமா?

தாராளமாக முடியும். எழுத்தே இல்லாத படப்புத்தகங்களும் இருக்கின்றன. எழுத்து இருந்தாலும் அதைப் பார்க்காமல் படத்தை வைத்துத் தன் கதையைச் சொல்லலாம். ஆட்டுக்குட்டிகளுக்குப் பெயர் வைக்கலாம், அவை பேசுவது போலச் சொல்லலாம். திரும்பச் சொல்லும்போது கதை மாறினாலும் பரவாயில்லை, படத்தில் இருக்கும் எண்ணிக்கையோடு ஒத்துப்போனால் சரி. கதையை எங்கே நிறுத்தினால் பேரப்பிள்ளை ஆவலோடு கேட்கும் என்பது நம்மைவிட அவருக்குத்தான் நன்றாகத் தெரியும். பக்கம் திருப்பும் முன் நிறுத்திக் கேட்பதை மட்டும் ஒருமுறை அவரோடு உட்கார்ந்து செய்து காட்டிவிடுங்கள்.

எப்போது ஆசிரியரிடம் பேச வேண்டும்?

ஐந்து வயதில் கூட்டல் வரவில்லை என்பதற்காகக் கவலைப்பட வேண்டாம். பக்கத்து வீட்டுக் குழந்தையோடு ஒப்பிடவும் வேண்டாம். ஆனால் ஒன்றாம் வகுப்பு முடியும் நேரத்திலும் "அஞ்சு குடு" என்றால் எண்ணிக் கொடுக்க முடியவில்லை, தொட்டுத் தொட்டு எண்ணும்போது ஒன்றையே இரண்டு தடவை எண்ணுவதும் சிலவற்றை விடுவதும் தொடர்கிறது என்றால், வகுப்பு ஆசிரியரிடம் சொல்லுங்கள். கண் பார்வையையும் காது கேட்பதையும் ஒருமுறை பரிசோதித்துவிடுவது நல்லது. கதை கேட்பதை அந்தச் சமயத்தில் நிறுத்த வேண்டாம். எண்களை மூன்றுக்குள் குறைத்துக்கொண்டு, ஏற்கெனவே மனப்பாடமான பழைய புத்தகத்தையே எடுத்து, எண்ணுவதிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.